கங்காராம் காம்ப்ளேயின் தேநீர்க் கடை



சாரல் காலத்தில் ஐந்தருவியில் கூடியிருக்கிறோம். தென்மேற்குக் காற்று திரும்பியதும் இந்தச் சாலையின் இரு பக்கமும் கடைகள் முளைத்துவிடும். மிளகாய் பஜ்ஜி, நேந்திரங்காய் சிப்ஸ், சுக்குக் காப்பி, மங்குஸ்தான் என்று எல்லாம் கிடைக்கும். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர் முதலில் தேடுவது சூடாக ஒரு டீ. டீ போட்டவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று அவர் விசாரிப்பதில்லை. விசாரிக்காமலே வாங்கிக் குடிக்கலாம் என்ற அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இந்த நினைவுச் சொற்பொழிவில் பேச எடுத்துக்கொண்டோம்.

சாப்பாட்டுக் கடையைப் பற்றி நம் இயக்க வரலாறு நிறையவே பேசியிருக்கிறது. ஆனால் பேசியதெல்லாம் ஒரு பக்கம்தான். உள்ளே விடமாட்டேன் என்றவனின் கடைக்குள் நாம் நுழைந்த கதை அது. பலகையை அழித்தது, தனிக் குவளையை உடைத்தது, பெஞ்சில் உட்கார்ந்தது, வழக்குப் போட்டது எல்லாம் அந்தப் பக்கத்தில் வரும். இன்னொரு பக்கம் இருக்கிறது. நம்மில் ஒருவர் கடை வைத்தார். அவர் கையால் போட்ட டீயை ஊரார் குடிக்க வந்தார்களா? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், இங்கிருந்து வெகுதூரம் வடக்கே, கோலாப்பூர் என்ற மராட்டிய சமஸ்தானத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு மகார் நடத்திய தேநீர்க் கடை இருந்தது. அவர் பெயர் கங்காராம் காம்ப்ளே.

அங்கே போவதற்கு முன் நம் ஊர்ச் செய்தி ஒன்றைச் சொல்லிக்கொள்கிறோம். அது இல்லாவிட்டால் கங்காராம் செய்த காரியத்தின் கனம் தெரியாது.

வெள்ளைக்காரத் துரைமார் வீடுகளில் சமைத்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். சென்னையில் பட்லர், சமையற்காரர், மேட்டி என்ற வேலைகளில் பறையர் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன் அப்படி ஒரு துரையிடம் பட்லராக இருந்தவர்தான். அவர் கொடுத்த ஏட்டிலிருந்துதான் திருக்குறள் எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். குறளைக் கொண்டுபோய்க் கொடுத்த கதையை நாம் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்தக் கை அன்றாடம் செய்த வேலை சமையல் என்பதை விட்டுவிடுகிறோம். ரொட்டி சுடவும், கறி வதக்கவும், சூப்பு காய்ச்சவும், முப்பது பேருக்கு மேசை போடவும் தெரிந்த ஒரு சமூகம் இருந்தது. ஆங்கிலேய ஆட்சி போகும்போது சென்னையிலும் நெல்லையிலும் ஹோட்டல் தொழில் யார் கையில் இருந்தது? தொழில் தெரிந்தவர் கையில் இல்லை. கைப்பக்குவம் போதும் என்றால் அந்தத் தொழிலில் நமக்கும் ஒரு பெரும் பங்கு வந்திருக்க வேண்டும். துரை வீட்டு அடுக்களை நாலு சுவருக்குள் இருப்பது. கடை தெருவில் இருப்பது. தெருவில் வைத்து விற்பதற்குப் பக்குவத்தைவிடப் பிறப்பு முக்கியமாக இருந்தது. 'பிராமணாள் காப்பி கிளப்' என்று பலகை எழுதி மாட்டியவர் வியாபாரம் தெரியாதவர் அல்லர். காப்பியின் ருசியைச் சொல்வதற்கு முன் அதைத் தொட்ட கை யாருடையது என்று சொல்லிவிடுவது அவருக்கு லாபமாக இருந்தது.

இப்போது கோலாப்பூர். சாகு மகராஜ் 1894இல் பட்டத்துக்கு வந்தார். வயது இருபதுகூட ஆகவில்லை. பஞ்சகங்கை ஆற்றில் நீராடச் சென்றபோது புரோகிதர் அவருக்கு வேத மந்திரம் ஓதாமல் புராண மந்திரம் ஓதினார். நீ சூத்திரன், உனக்கு இதுதான் என்பது அதன் பொருள். அந்த அவமானத்தில் தொடங்கியது வேதோக்த வழக்கு. அரசனுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர் நிலை என்ன என்று அவர் யோசித்திருக்க வேண்டும். 1902 ஜூலை 26 அன்று அரசு வேலைகளில் பாதியைப் பிற்படுத்தப்பட்ட வகுப்பாருக்கு ஒதுக்கி ஆணை போட்டார். சாதிக்கொரு மாணவர் விடுதியாகத் திறந்துகொண்டே போனார். தீண்டப்படாத மாணவர்களுக்கான மிஸ் கிளார்க் விடுதி அவற்றில் ஒன்று. 1917இல் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வி வந்தது. 1919இல் பள்ளி, மருத்துவமனை, பொதுக் கிணறு, சத்திரம், அரசு அலுவலகம் ஆகியவற்றில் தீண்டாமை பாராட்டக் கூடாது என்று ஆணைகள் வந்தன.

கங்காராம் அந்த அரசரின் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். ஒரு நாள் அரண்மனைச் சேவகர்களில் மராத்தா சாதியாருக்கென்று இருந்த தொட்டித் தண்ணீரை அவர் தொட்டுவிட்டார். சேர்ந்து வேலை பார்த்தவர்களே அவரை அடித்து நொறுக்கினார்கள். அப்போது அரசர் ஊரில் இல்லை. திரும்பி வந்ததும் கங்காராம் போய் முறையிட்டார், முதுகைக் காட்டினார். அரசர் அடித்தவர்களைத் தண்டித்தார். சவுக்கை எடுத்துத் தானே விளாசினார் என்றும் சொல்வார்கள். பிறகு கங்காராமிடம், இந்த வேலை உனக்கு வேண்டாம், வெளியே போய்ச் சொந்தமாகத் தொழில் செய், நான் உதவுகிறேன் என்று சொன்னார்.

சவுக்கடியைப் பற்றிச் சொல்லும்போது கேட்பவர்களுக்கு உற்சாகம் பிறக்கும். நமக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. அது அரச நீதி. அரசன் நல்லவனாக இருக்கும் நாள் வரைதான் அது செல்லும். அதற்கு அடுத்த வாக்கியம்தான் நமக்கு முக்கியம். அடிபட்ட ஊழியனுக்கு அரசர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? பொற்காசு கொடுப்பார்கள், பதவி உயர்த்துவார்கள், வேறு லாயத்துக்கு மாற்றுவார்கள். சாகு சம்பளத்திலிருந்தே அவரை வெளியேறச் சொன்னார். அரண்மனை உப்பைத் தின்கிறவரை அடித்தவனோடு சேர்ந்துதான் வேலை பார்த்தாக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கங்காராம் என்ன தொழிலைத் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் ஆச்சரியம். அரசர் உதவுவதாகச் சொன்னால் நிலம் கேட்டிருக்கலாம், வண்டி மாடு கேட்டிருக்கலாம். ஒருவரும் கேள்வி கேட்காத தொழில்கள் அவை. அவர் கோலாப்பூர் நகரத்தின் முக்கியச் சாலையில், பாவுசிங்ஜி ரோட்டில், தேநீர்க் கடை திறந்தார். பெயர் 'சத்யசுதாரக்'. உண்மைச் சீர்திருத்தக்காரன் என்று சொல்லலாம். ஜோதிராவ் புலேயின் சத்யசோதக் சமாஜத்தைக் காதில் கேட்டிருந்த எவருக்கும் அந்தப் பெயர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது விளங்கியிருக்கும். தண்ணீரைத் தொட்டதற்காக அடிபட்டவர் தண்ணீரைக் காய்ச்சி விற்கும் தொழிலை எடுத்துக்கொண்டார். வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்டால், வேண்டுமென்றேதான் செய்தார் என்பது நம் கணிப்பு.

கடை சுத்தமாக இருந்தது. டீயும் நன்றாக இருந்தது. ஆனால் ஆள் வரவில்லை. மகார் போட்ட டீ என்று ஊர் பேசியது. கடைவீதியில் அது ஒரு பெரிய அபச்சாரமாகப் பார்க்கப்பட்டது. செய்தி அரசர் காதுக்குப் போனது. அவர் ஊரைச் சுற்றிவரும்போது வண்டியை நேரே கங்காராம் கடை முன் நிறுத்திச் சத்தமாக டீ கேட்பாராம். வண்டியில் கூட வந்த பிராமண, மராத்தாப் பிரமுகர்களுக்கும் கோப்பையை நீட்டுவாராம். அரசர் குடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் எப்படி மறுப்பது? இன்னொன்றும் செய்தார். மனு, கையெழுத்து, சிபாரிசு என்று தம்மைத் தேடி வருகிறவர்களைக் கங்காராம் கடைக்கு வரச் சொல்வார். காரியம் ஆக வேண்டுமென்றால் டீ குடித்தாக வேண்டும். 1918ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்த இந்தச் செய்தி கோலாப்பூரில் இன்றும் சிரிப்போடு சொல்லப்படுகிறது.

சிரிக்கத்தக்கதுதான். ஆனால் அதே காலத்தில் இன்னொரு சமஸ்தானத்தில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்த அம்பேத்கர் 1917இல் பரோடா அரசின் வேலையில் சேரப் போனார். தங்க இடமில்லை. இந்து விடுதியில் சேர்க்கமாட்டார்கள். ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதி, நாளுக்கு ஒன்றரை ரூபாய் என்று பேசி, யாருமில்லாத மாடியில் தங்கினார். பதினோராம் நாள் காலையில் பார்சிகள் தடியோடு மாடியேறி வந்தார்கள். அன்று மாலைக்குள் காலி செய்ய வேண்டும் என்றார்கள். அவர் போய் உட்கார்ந்தது ஒரு பொதுப் பூங்காவில். இரவு ரயிலேறிப் பம்பாய் திரும்பினார். பரோடா மன்னரும் சீர்திருத்தக்காரர்தான், அம்பேத்கரைப் படிக்க வைத்ததே அவர்தான். ஆனால் அவருடைய நகரத்தில், அவருடைய அதிகாரிக்குக் காசு கொடுத்தும் ஓர் அறை கிடைக்கவில்லை. ஒரு சமஸ்தானத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்த மகார் விடுதியிலிருந்து துரத்தப்படுகிறார், இன்னொன்றில் குதிரை மேய்த்த மகார் ஹோட்டல் முதலாளியாக இருக்கிறார். படிப்பு தரமுடியாத ஒன்றைக் கடை தந்தது என்று இதிலிருந்து யாராவது முடிவு கட்டினால் அது அவசரம். இரண்டையும் தாங்கிப் பிடிக்க ஒரு அதிகாரம் வேண்டியிருந்தது. கோலாப்பூரில் அது தெருவுக்கு இறங்கி வந்தது, பரோடாவில் அரண்மனையிலேயே இருந்துவிட்டது.

இந்த இரண்டு வழிகளும் விரைவிலேயே சந்தித்தன. கோலாப்பூரைச் சேர்ந்த தத்தோபா பொவார் அம்பேத்கரின் நண்பர், தோல் தொழில் செய்யும் சம்பார் சமூகத்தவர். அவர் போன்றவர்கள் வழியாக அரசருக்கும் அம்பேத்கருக்கும் அறிமுகம் ஏற்பட்டது. பம்பாயில் அம்பேத்கர் குடியிருந்த சிறு வீட்டுக்கே சாகு தேடிப் போனார். 1920 ஜனவரி 31இல் 'மூக்நாயக்' வெளிவந்தபோது அதற்கு 2,500 ரூபாய் கொடுத்தவர் அவர். அதே ஆண்டு மார்ச் 21, 22 தேதிகளில் கோலாப்பூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த மாண்காவ்ன் என்ற ஊரில் தீண்டப்படாதோர் மாநாடு. அம்பேத்கர் தலைமை. சாகு வந்து, உங்களுக்கான தலைவரை உங்களிடமிருந்தே கண்டுகொண்டீர்கள் என்ற கருத்தில் பேசினார். ஓர் அரசன், அதுவும் சீர்திருத்தத்தில் பேரெடுத்த அரசன், தலைமையை விட்டுக்கொடுத்து நகர்ந்த நிகழ்ச்சி அது. கங்காராமைக் கடை வைக்கச் சொன்னதும் இந்தப் பேச்சும் ஒரே மனத்திலிருந்து வந்தவை.

1922 மே 6 அன்று சாகு பம்பாயில் இறந்தார். வயது நாற்பத்தெட்டை எட்டவில்லை. இனி யார் வண்டியை நிறுத்துவார்?

கங்காராமின் வாழ்க்கையில் நாம் அதிகம் மதிப்பது இதற்குப் பிறகான பகுதியை. அரச ஆதரவில் வளர்ந்தவர்கள் அரசன் போனதும் காணாமல் போவது வழக்கம். அவர் போகவில்லை. கடை அவருக்குக் கொடுத்தது பணம் மட்டும் இல்லை. நகரத்தின் நடுவில் ஓர் இடம், நாலு பேரை உட்கார வைத்துப் பேச ஒரு பெஞ்சு, எல்லாத் தரப்பாரோடும் பழக்கம். லாயத்தில் இருந்தபோது அவரிடம் யோசனை கேட்க யாரும் வந்திருக்கமாட்டார்கள். கடைக்காரரிடம் வருவார்கள். உள்ளூர் அரசியல் தேநீர்க் கடையில் பிறக்கிறது என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கங்காராம் கோலாப்பூரின் தீண்டப்படாத மக்களின் பொதுக் காரியங்களில் முன்நின்றார். சாகு இறந்த சில ஆண்டுகளுக்குள், அவருக்கு முதன்முதலாக ஒரு நினைவுச் சின்னத்தை நர்சரி பாக் என்னும் இடத்தில் எழுப்பியதும் அவர்தான். தம் மக்களிடம் வசூல் செய்து எழுப்பினார். மராத்தாப் பெருங்குடிகள் செய்வதற்கு முன், பேஷ்வா காலத்துப் பரம்பரைகள் வாய் திறப்பதற்கு முன், ஒரு டீக்கடைக்காரர் தம் அரசனுக்குக் கல் நட்டார். அதை நன்றி என்று மட்டும் படிப்பது போதாது. யார் நினைவை யார் கையில் வைத்துக்கொள்வது என்ற போட்டியில் அவர் முந்திக்கொண்டார். இன்று சாகுவை எல்லாக் கட்சிகளும் சொந்தம் கொண்டாடுகின்றன. முதல் கல் யாருடையது என்பது அழியாமல் நிற்கிறது.

இனி நம் பக்கத்துக்குத் திரும்புவோம். கங்காராம் கடை நடத்திய அதே காலத்தில் இந்த ரயில் பாதையில், தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே, சேரன்மாதேவியில் பந்திச் சண்டை நடந்தது. 1922இல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. தேசியக் காங்கிரஸ் பணத்தில் நடக்கும் பள்ளியில் இப்படியா என்று வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டார்கள். தமிழ்நாட்டு அரசியலே அதில் திசை மாறியது. அந்தக் கேள்வியின் பெருமையைக் குறைக்க நாம் வரவில்லை. ஆனால் அந்தச் சண்டை, சேர்ந்து உண்பதைப் பற்றியது. அடுக்களையில் யார் நிற்பது என்பது அதன் மையத்துக்கு வரவேயில்லை. தனிப் பந்தி ஒழிந்தாலும் சமையற்காரர் மாறியிருக்கமாட்டார்.

அதற்குப் பின் வந்தவையும் பெரும்பாலும் நுழைவின் வரலாறுதான். 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலை, கிணறு, குளம், பொது இடங்கள் எல்லார்க்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சமூக இடையூறுகளை நீக்கும் சட்டம் வந்தது. 1941இல் ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம் என்ற வழக்கம் ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் திராவிடர் கழகத்தார் நாள்தோறும் நின்று கைதானார்கள். பெயர்ப் பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் போக வேண்டும் என்பது கோரிக்கை. யாழ்ப்பாணத்தில் சிறுபான்மைத் தமிழர் மகாசபைத் தோழர்கள் தேநீர்க் கடைகளை ஒவ்வொன்றாகத் திறக்க வைத்தார்கள், கே. டானியலின் எழுத்தைப் படித்த மாணவர்களுக்கு அந்தச் சூடு தெரிந்திருக்கும்.

அரசியல் சட்டத்தின் 15ஆம் உறுப்பு கடை, உணவகம், விடுதி என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. உலகத்தில் எத்தனை நாட்டு அடிப்படை உரிமைகளில் ஹோட்டல் என்ற சொல் வரும் என்று யோசித்துப் பாருங்கள். 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தின் 4ஆம் பிரிவு அதற்கும் மேலே போய், உணவகத்தில் வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்துவதைத் தடுப்பதும் குற்றம் என்றது. இரட்டைக் குவளைக்கு எதிரான நம் வழக்குகளெல்லாம் அந்த வரியில்தான் நிற்கின்றன. எந்தத் தொழிலும் வியாபாரமும் செய்யலாம் என்பதையும் அதே பிரிவு காக்கிறது. ஆக, கங்காராம் கடை திறப்பதை இன்று யாரும் தடுக்க முடியாது. வந்து குடி என்று மட்டும் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

2023 செப்டம்பரில் என்ன நடந்தது என்பது இங்கே பலருக்கு நினைவிருக்கும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்த சில நாளில், தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டிப் பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சமைத்த உணவைப் பிள்ளைகள் சாப்பிடவில்லை. பெற்றோர் தடுத்திருந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் மாவட்ட ஆட்சியரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கரூர் மாவட்டத்திலும் அதே போல ஒன்று. அங்கேயும் ஆட்சியர் போய்ச் சாப்பிட்டார். 2018இல் அவிநாசி பக்கத்தில் சத்துணவுச் சமையலர் ஒருவருக்கு நேர்ந்ததும் இதே வகைதான். அந்த முறை வழக்கும் போராட்டமும் தேவைப்பட்டன.

சாகு வண்டியை நிறுத்தியது போலவேதான் இவர்களும் வண்டியை நிறுத்தினார்கள். செய்தது சரி. செய்யாமல் விட்டிருந்தால் அந்தப் பெண்ணின் வேலை போயிருக்கும். ஆனால் நூறாண்டுக்குப் பிறகும் ஒரு தட்டு உப்புமாவுக்கு அதிகாரத்தின் வாய் தேவைப்படுகிறது என்றால், சாகு காலத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அளந்து பார்க்க வேண்டும். ஒரு வேறுபாடும் உண்டு, அது நமக்குச் சாதகமானதில்லை. கங்காராம் கடைக்கு முதலாளி. வாடிக்கையாளர் வராத நாளில் நட்டம் அவருடையது. வந்த பிறகு கல்லாவும் அவருடையது, அதிலிருந்து எழுந்த செல்வாக்கும் அவருடையது. பள்ளிச் சமையலருக்குக் கிடைப்பது மாதச் சம்பளம், அதுவும் சொற்பம். ஆட்சியர் சாப்பிட்டுவிட்டுப் போனபின் அவர் மறுபடி லாயத்தில்தான் நிற்கிறார்.

நம் ஆட்கள் கடை வைக்கவில்லை என்று சொல்ல முடியாது. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கம் எத்தனையோ பேர் வைத்திருக்கிறார்கள். சிலர் பலகையில் தங்கள் பெயரைப் போடாமல் சாமி பெயரைப் போடுவார்கள். சிலர் சொந்த ஊரில் வைக்காமல் நாலு ஊர் தள்ளிப் போய் வைப்பார்கள். சிலர் கறிக்கடையாக வைப்பார்கள், அங்கே கேள்வி குறைவு. இதெல்லாம் வியாபாரத் தந்திரம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். 'பிராமணாள்' என்று எழுதினால் லாபம் வந்த ஊரில் பெயரை மறைத்தால்தான் லாபம் என்பது அதே கணக்கின் மறுபக்கம்.

இந்த மலைக்கு அந்தப் பக்கத்தையும் மறக்க வேண்டாம். செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். அய்யன்காளியின் இயக்கத்துக்கு உட்பட்ட நாடு அது. சாலையில் வில்வண்டி ஓட்டுவதும் சந்தைக்குள் நுழைவதும் அங்கே போராட்டமாக இருந்தன. ஐந்தருவியிலிருந்து சில மைல் தள்ளி ஒரு எல்லைக்கோடு, அதற்கு இந்தப் பக்கம் வெள்ளையர் சட்டம், அந்தப் பக்கம் மகாராசா சட்டம். இரண்டு பக்கமும் கடை வைத்தவர்கள், கடையில் வேலை பார்த்தவர்கள், வாசலில் சிரட்டையில் வாங்கிக் குடித்தவர்கள் என்று அவர்களின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் ஊரில் நம்மவர் வைத்த முதல் டீக்கடை எது, எந்த ஆண்டு, எந்தத் தெருவில், யார் இடம் கொடுத்தார்கள், பால் யார் ஊற்றினார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். பால் ஊற்றியவரை மறக்காதீர்கள். பல கடைகள் பால் நின்றதால் மூடியவை. முதலில் வந்து உட்கார்ந்து குடித்த வேற்றுச் சாதிக்காரர் யார் என்றும் கேளுங்கள். அவருக்கும் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். வயதானவர்கள் இருக்கும்போதே போக வேண்டும். சாரல் முடிந்து கடைகளைப் பிரிப்பதற்குள் இந்தச் சாலையிலிருந்தே தொடங்கலாம்.